நேரம் இல்லாதவர்களும் கதை எழுதலாம்

(ஷார்ஜா, ரோலாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணிச்சுமைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் இடையே புனைகதை எழுதுவது எப்படி என்னும் தலைப்பில் என்னைப் பேசப் பணித்திருக்கிறார்கள். இதற்கு நான் தகுதியானவனா என்னும் ஐயம் எனக்கே உண்டு. நான் பொறியியல் படித்தவன். கணினித் துறையில் வேலை பார்ப்பவன். அச்சில் என் பெயர் தாங்கிய நூல் இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆயினும், எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதாமல் இருப்பது எப்படி என்பதைப் பதினான்கு ஆண்டுகள் முறையாகப் பயின்றவன் நான். அந்த அனுபவம் உங்களுள் சிலருக்குப் பயன்படலாம் என்னும் நம்பிக்கையிலேயே இங்கு நிற்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த ரோலாவிலிருந்தே தொடங்குகிறேன். இப்பகுதிக்கு அப்பெயரைத் தந்தது ஓர் ஆலமரம் என்பதை இங்குள்ள பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவீர்கள்? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கு நின்று, பெருநாள் காலங்களில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலாட இடம் தந்த அம்மரம் 1978இல் வீழ்ந்தது. இன்று பூங்காவின் நடுவே அதன் நினைவுச் சின்னம் மட்டுமே இருக்கிறது. மரம் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. நான் இன்று சொல்லவிருக்கும் செய்தியும் ஏறத்தாழ இதுதான்.

ஒரு வாக்குறுதி

2004ஆம் ஆண்டு, என் இருபத்தைந்தாம் வயதில், ரோலாவின் பின்தெருவொன்றில் ஆறு பேர் தங்கிய அறையில் ஒரு மேல்கட்டில் எனக்குக் கிடைத்தது. கீழ்க்கட்டிலில் இருந்தவர் தஞ்சை மாவட்டத்துக்காரர், தையற்கலைஞர். அண்ணன் என்றே அவரை அழைப்பேன். நான் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வந்தவர். இரவு விளக்கை அணைத்த பிறகு அவர் கதை சொல்லத் தொடங்குவார். முதன்முதலில் வந்து இறங்கிய நாளில் கையில் இருந்த முகவரி தவறாகப் போனது. ஊருக்கு அனுப்பப் பேசிப் பேசி ஒலிநாடாக்களில் பதிவுசெய்த கடிதங்கள். மகன் பிறந்த செய்தி ஒன்பது நாள் கழித்து வந்துசேர்ந்தது. அந்த மகனின் முதற்சட்டையை அளவு தெரியாமலே தைத்து அனுப்பியது. கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அண்ணே, இதையெல்லாம் நான் கதையா எழுதுறேன்" என்று ஒருநாள் சொன்னேன். "எழுதுங்க தம்பி. ஆனா, நான் சாகறதுக்குள்ள எழுதிடுங்க" என்று சிரித்தார்.

2008இல் எனக்குத் திருமணமாகி, குடும்பத்துடன் தனி வீட்டுக்குச் சென்றேன். பார்க்கும்போதெல்லாம் "எழுதிட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். "நேரம் கிடைக்கவில்லை அண்ணே" என்பேன். 2013இல் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். 2018இல் காலமானார். அப்போது என்னிடம் இருந்தது பதினொரு பக்கம்.

அவர் மறைந்த நாற்பதாம் நாள் வாக்கில் அவர் மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, அப்பா அங்க எப்படி இருந்தாருன்னு சொல்லுங்க. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாசம் வருவாரு. வந்தா கூட்டமா இருக்கும். அப்புறம் போயிடுவாரு. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது" என்றான். அந்தப் பதினொரு பக்கங்களையும் அனுப்பிவைத்தேன். மறுநாள் அவனிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "மீதி எங்கே சித்தப்பா?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நேரமில்லை என்று பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்த காரணத்தை அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இரண்டு தவறுகள்

நான் செய்த முதல் தவறு, பெரிய நேரத்துக்காகக் காத்திருந்தது. 2012இல் மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, எழுதுவதற்காகவே பத்து நாள் விடுப்பு எடுத்தேன். மேசையை ஒழுங்குசெய்தேன், புதிய எழுத்துருக்களைத் தரவிறக்கினேன், விசைப்பலகை மென்பொருளை மாற்றினேன். பத்து நாளின் முடிவில் எழுதியிருந்தது மூன்று பக்கம். பழக்கப்படாத கால்களால் ஒரே நாளில் மலையேற இயலாது. எழுத்தும் அப்படியே.

இரண்டாவது தவறு அதனினும் பெரிது. அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு குற்றவுணர்வு மேலிட்டு, 2019இன் தொடக்கத்தில் இரவு நேரத்தை முழுவதும் எழுத்துக்கு ஒதுக்கினேன். அலுவலகத்திலிருந்து, இத்திஹாத் சாலையின் நெரிசலைக் கடந்து, எட்டு மணிக்கு வீடு திரும்புவேன், சாப்பிடுவேன், அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். மகளின் வீட்டுப்பாடம், அவள் காய்ச்சல், மாதச் சாமான் வாங்குவது யாவும் மனைவியின் தோளில் விழுந்தன. நான்கு மாதம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும் சொன்னார்: "பிள்ளையைப் பார்க்க முடியாத ஒரு அப்பாவைப் பத்தி எழுதுறீங்க. நம்ம பிள்ளை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கு."

அன்றிரவு நான் எழுதவில்லை.

எழுத்தையும் வாழ்க்கையையும் சமன்செய்வது என்று நாம் எளிதாகப் பேசுகிறோம். உண்மையில் அந்த நேரம் யாரோ ஒருவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அந்த ஒருவர் மனைவியாகவே இருக்கிறார். எழுத விரும்பும் ஆண்கள் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுத விரும்பும் பெண்களுக்கோ அப்படிச் சாத்திக்கொள்ள ஒரு கதவே இருப்பதில்லை. கவிஞர் சல்மா, துவரங்குறிச்சியில், திருமணத்துக்குப் பிறகு வீட்டார் அறியாதவண்ணம் இரவில் மறைந்து எழுதியவர். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004இல் வெளிவந்தது. அத்தகைய துணிவை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்ப்பது நியாயமன்று. மறைந்து எழுதவேண்டிய தேவை இல்லாத வீட்டை அமைப்பதே நியாயம்.

எனவே என் மனைவியும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். காலை 4.50 முதல் 5.30 வரை எனக்குரிய நேரம். வீடு உறங்கும் நேரம் அது. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் அவருக்குரியது. அந்நேரத்தில் சமையலும் மகளும் என் பொறுப்பு. அவர் நெடுநாளாக நிறுத்திவைத்திருந்த முதுகலைப் படிப்பை அந்நேரத்தில்தான் முடித்தார். இரவு நேரம் மூவருக்கும் பொது. அதில் எவரும் கைவைப்பதில்லை.

என் கணக்கு

கணினித் துறையினன் ஆதலால், எழுதியதை ஒரு விரிதாளில் நாள்தோறும் குறித்துவைத்தேன். அந்தக் கணக்கை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். 2019 செப்டம்பரில் தொடங்கி 34 மாதங்களில் நான் எழுதிய நாள்கள் 412. எழுதாத நாள்கள் அறுநூறுக்கும் மேல். காய்ச்சல், திட்டப்பணியின் கெடு, ஊர்ப்பயணம், கொரோனாக் காலத்தின் பதற்றம், வெறும் சோம்பல் என அனைத்தும் அதில் அடக்கம். எழுதிய நாள்களில் சராசரியாக 150 சொற்கள், அவ்வளவே. 412 நாளைப் 150ஆல் பெருக்குங்கள். 61,800 சொற்கள். ஒரு நாவலின் முதற்படி முடிந்துவிட்டது.

ஐந்து நாளில் இரண்டு நாள் மட்டும், நாளொன்றுக்கு ஒரு பக்கத்துக்கும் குறைவாக எழுதியே மூன்றாண்டுக்குள் நாவலை முடிக்க இயலும் என்பதற்கு என் சோம்பலே சான்று.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்த அந்தோணி டிரோலப், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். அவ்வாறு அவர் எழுதிய நாவல்கள் 47. அமெரிக்காவின் டோனி மாரிசன் பதிப்பகத்தில் பணிபுரிந்துகொண்டு, இரு ஆண்குழந்தைகளைத் தனியாக வளர்த்தபடி, அவர்கள் விழிப்பதற்கு முன் எழுதினார். அவருடைய முதல் நாவல் 1970இல் வெளிவந்தது. 1993இல் நோபல் பரிசு பெற்றார்.

நம்மவர்கள்

"எழுத்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்கிறீர்கள். போடாது என்பதே நேர்மையான பதில். தமிழில் எழுதியோருள் மிகப் பலர் வேறு வேலை செய்து உண்டவர்களே. எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். நாஞ்சில் நாடன் மும்பையில் வேலைக்குச் சேர்ந்து, விற்பனைப் பணிக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தவர். தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வணிகர்; 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. இவர்கள் எவருக்கும் நாள் 24 மணி நேரத்துக்கு மேல் நீளவில்லை.

என்னைப் போல் நாற்பதைக் கடந்து, "இனி என்ன எழுதுவது?" என்று சோர்ந்திருப்போருக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். முதலாமவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம். அவருடைய முதற்சிறுகதைத் தொகுதி 'அக்கா' 1964இல் வெளிவந்தது. அடுத்த தொகுதி 'திகடசக்கரம்' வந்தது 1995இல். இடைப்பட்ட முப்பத்தோராண்டுகள் கணக்காளர் பணியிலும் ஐக்கிய நாடுகள் அவைப் பணியிலும், நாடு நாடாகப் பெயர்ந்து வாழ்வதிலும் கழிந்தன. அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பதற்கு, ஆப்பிரிக்காவும் ஆப்கானிஸ்தானும் தமிழ்க்கதைக்குள் வந்து அமர்ந்ததே சான்று.

இரண்டாமவர் ப. சிங்காரம். இளம்வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குச் சென்றவர். திரும்பிவந்து மதுரையில் நாளிதழ்ப் பணியில் இருந்தவர். வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே. ஆயினும், இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தென்கிழக்காசியாவில் தமிழர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று இன்று அறிய விரும்புவோர், 1972இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யைத்தான் தேடிச் செல்கின்றனர். அவர் எழுதியிராவிட்டால் அந்த மேடான் தெருக்கள் நமக்கு இல்லை.

இனி வளைகுடாவுக்கு வருவோம். மலையாள எழுத்தாளர் பென்யாமின் 1992இல் பஹ்ரைனுக்கு வேலைக்கு வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்தவர். சவுதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் கொடுமைக்கு ஆளான ஒரு தொழிலாளியின் வாழ்வை, பணியிலிருந்தபடியே எழுதி 2008இல் 'ஆடுஜீவிதம்' என்று வெளியிட்டார். அந்நாவல் தமிழிலும் வந்திருக்கிறது. 2024இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அவருக்கு அக்கதையைத் தந்தது ஒரு சக தொழிலாளியின் வாய்ச்சொல்லே. என் கீழ்க்கட்டில் அண்ணனும் எனக்கு அதையே தந்தார். பென்யாமின் எழுதினார். நான் மென்பொருளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நம்மிலும் நாகூரைச் சேர்ந்த ஆபிதீன் போன்றோர் துபாயில் வாழ்ந்தபடி நல்ல கதைகளைத் தந்திருக்கின்றனர். எனினும், வளைகுடாவில் இத்தனை இலட்சம் தமிழர் உழைத்திருக்க, அந்த வாழ்வைச் சொல்லும் நாவல்களை எண்ண விரல்கள் போதும். 1982இல் தொடங்கிய ஷார்ஜா புத்தகக் கண்காட்சி ஒவ்வோராண்டும் நம் வீட்டு வாசலில் நடக்கிறது. அங்கே மலையாள நூல்கள் குவிந்திருப்பதைக் கண்டு பொறாமைப்படுவதால் பயனில்லை. அவர்கள் எழுதுகிறார்கள், வாங்கிப் படிக்கவும் செய்கிறார்கள்.

சில நடைமுறைக் குறிப்புகள்

முதலாவது, நேரத்தைக் காட்டிலும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலை எல்லோருக்கும் ஒத்துவராது. துபாய்க்கு நிறுவனப் பேருந்தில் செல்வோருக்கு அந்த ஒரு மணி நேரமே எழுதுமேசை. கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சு இன்று எவருக்கும் எளிது. காரோட்டிச் செல்வோர் கைப்பேசியைத் தொடாதீர்கள். காட்சியை மனத்தில் நிகழ்த்திப் பாருங்கள். வண்டியை நிறுத்திய பிறகு, மாடிக்குச் செல்லுமுன் பத்து நிமிடம் அமர்ந்து குறித்துவிடுங்கள். என் நாவலின் நான்கு அத்தியாயங்கள் வாகன நிறுத்துமிடத்தில் உருவானவை.

இரண்டாவது, அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துங்கள். மறுநாள் காலை வெற்றுத்திரையை வெறித்துக்கொண்டிருக்க நேராது.

மூன்றாவது, எழுதும்போது திருத்தாதீர்கள். முதற்படி கரடுமுரடாகத்தான் இருக்கும். சோதனை முடியாத மென்பொருளை வாடிக்கையாளரிடம் தருவதில்லை என்பதற்காக, நிரல் எழுதாமல் இருந்துவிடுகிறோமா?

நான்காவது, எழுதியதை இரண்டு இடங்களில் சேமியுங்கள். தொலைந்த கைப்பேசியோடு என் இரண்டு மாத உழைப்பும் போயிற்று. கணினித் துறையினனுக்கு இது வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

ஐந்தாவது, பிறர் வாழ்வை எழுதும்போது பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். இயன்றவரை அவர்களுடைய அல்லது குடும்பத்தாருடைய இசைவைப் பெறுங்கள். ஒருவர் பேச்சை அவர் அனுமதியின்றிப் பதிவுசெய்வது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கதை எழுதினால் எழுத்துப்பிழையை முதலில் தேடாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பிழைதிருத்தம் நாளைக்கு ஆகட்டும். இன்னொன்று: நீங்கள் வந்த கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விமானத்தில் முதன்முதல் ஏறியது, முதற்சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு அனுப்பினீர்கள், எந்தக் கட்டடத்தில் தங்கினீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நம்மிற் பெரும்பாலோர் விசாவின் காலம் முடிந்ததும் இவ்வூரை விட்டுச் செல்லவேண்டியவர்கள். நாங்கள் தங்கியிருந்த அந்தப் பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். நாம் இங்கு வாழ்ந்தோம் என்பதற்கு நாம் எழுதுவதைத் தவிர வேறு சான்று இருக்கப்போவதில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுத எளிதாக இருந்தால் ஆங்கிலத்திலேயே தொடங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் உங்கள் பாட்டி தொலைபேசியில் பேசும்போது, அவர் பயன்படுத்தும் சொற்களுள் உங்களுக்குப் புரியாத ஒன்றை வாரந்தோறும் குறித்துவையுங்கள். அந்தச் சொல்லின் பொருளை அவரிடமே கேளுங்கள். ஒரு சொல்லைக் கேட்டால் ஒரு கதை வரும். அந்தக் கதையை எழுதும்போது தமிழ் தானாகத் தேவைப்படும்.

மீதி

2022 சூலையில் முதற்படியை முடித்து, அச்செடுத்து, நூற்கட்டுச் செய்து அந்த மகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே பதில் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து அழைத்தான். எனக்குத் தெரியாத இரண்டு இடங்களைத் திருத்தினான். அந்த முதற்சட்டை நீலநிறம், அது இன்னும் பெட்டியில் இருக்கிறது என்றான். தன் தாய் மூன்று நாள் உட்கார்ந்து முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டதாகவும், ஒலிநாடாவைப் பற்றிய பகுதியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னதாகவும் கூறினான். அந்நூல் அச்சேறுமா, ஏறினால் எத்தனை பேர் வாங்குவர் என்பதெல்லாம் அதன்பின் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போதும் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், காலை 4.50க்குத்தான்.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2013க்கு முன்பே நான் முடித்திருந்தால், அந்தச் சட்டையின் நிறத்தை அண்ணனே எனக்குச் சொல்லியிருப்பார். அந்த இழப்பை எந்தக் காலைப்பொழுதாலும் ஈடுசெய்ய இயலாது.

இந்த அரங்கிலும் ஒரு கீழ்க்கட்டில் அண்ணன் அமர்ந்திருக்கக்கூடும். இன்று அவரிடம் கேளுங்கள். நாளைக் காலை 150 சொற்கள் எழுதுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைக் கொண்டுவாருங்கள். நாம் படித்துக் காட்டுவோம், கேட்போம்.